துணைவேந்தர் இல்லாத காலத்துப் பட்டம் செல்லுமா?

கல்குளம் வட்டத்திலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்றிருக்கிறார். பல்கலைக்கழகத்தின் பெயரையும் நானே நீக்கிவிட்டேன். விஷயம் இதுதான். தக்கலை பக்கம் ஒரு பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டே, தமிழ்நாட்டின் பழைய அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் பகுதிநேரமாக வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்தார். வாய்மொழித் தேர்வு முடிந்து பத்து மாதமாகிறது. கையில் இருப்பது தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் கையெழுத்திட்ட தற்காலிகச் சான்றிதழ் மட்டும். அங்கே துணைவேந்தர் இல்லை. ஒருங்கிணைப்புக் குழுதான் நிர்வாகத்தைப் பார்க்கிறது. போன் செய்தால், 'பட்டமளிப்பு விழா முடியட்டும்' என்பதற்கு மேல் பதில் வருவதில்லை.

இதற்கிடையில் களியக்காவிளைக்கு அப்பால், நெய்யாற்றின்கரை பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் உதவிப் பேராசிரியர் வேலை கிடைத்திருக்கிறது. ஆறு வாரத்துக்குள் அசல் பட்டச் சான்றிதழும், வெளிப் பல்கலைக்கழகப் பட்டம் தங்கள் பல்கலைக்கழகப் பட்டத்துக்கு இணையானது என்று காட்டும் இணைத்தகுதிச் சான்றிதழும் வேண்டும் என்கிறார்கள். வீட்டில் ஆளுக்கொரு யோசனை. துணைவேந்தர் இல்லாத நேரத்தில் கொடுக்கிற பட்டத்தை நாளை கோர்ட் செல்லாது என்று சொல்லிவிடும் என்கிறார் மாமா. கணவரின் நண்பர், வேந்தர் என்ற முறையில் ஆளுநருக்கு எழுதச் சொல்கிறார். நாகர்கோவில் நுகர்வோர் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம் என்று ஒருவர். பன்னிரண்டாயிரம் கொடுத்தால் 'ஃபைலை நகர்த்தித் தருகிறேன்' என்று இன்னொருவர். கடைசியாக வாசகியே ஒரு கேள்வி கேட்கிறார்: துணைவேந்தரை நியமிக்கச் சொல்லி நான் பொதுநல வழக்குப் போட முடியுமா?

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் மாமாவின் பயத்தைத் தீர்த்துவிடுவோம், அதுதான் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று தெரிகிறது. பட்டம் வழங்குவது பல்கலைக்கழகம். துணைவேந்தர் அதன் சார்பில் கையெழுத்துப் போடுகிறவர். பல்கலைக்கழகத்தைச் சட்டம் ஒரு தனி நபராகவே பார்க்கிறது. அதற்கென்று முத்திரை உண்டு, சொத்து உண்டு, அதன் பெயரில் வழக்குப் போடலாம். நாற்காலியில் இருப்பவர் மாறினாலும், நாற்காலி காலியாக இருந்தாலும் அதன் ஆயுள் தொடரும். 1956 ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) சட்டம், 22 ஆம் பிரிவில், பட்டம் கொடுக்கும் உரிமை யாருக்கு என்று சொல்கிறது. மத்திய அல்லது மாநிலச் சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகங்கள் அந்தப் பட்டியலில் வருகின்றன. உங்களுடையது அப்படி ஒன்று. அங்கே துணைவேந்தர் இருக்கிறாரா என்பதை அந்தப் பிரிவு கேட்பதில்லை.

இதைக் குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்கத் தேவையே இருக்கக்கூடாது. 1937 நவம்பர் 1 இல் திருவிதாங்கூர் பல்கலைக்கழகம் தொடங்கியபோது சர் சி.பி. ராமசாமி ஐயர்தான் துணைவேந்தர். 1947 இல் அவர் ஊரைவிட்டே போனார். 1956 நவம்பர் 1 இல் நம் மாவட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அடுத்த ஆண்டு அந்தப் பல்கலைக்கழகம் கேரளப் பல்கலைக்கழகம் என்று ஆனது. நம் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தன. பிறகு 1966 இல் மதுரை, 1990 இல் மனோன்மணீயம் சுந்தரனார். ஒரே நாகர்கோவில் கல்லூரியில் தாத்தா, அப்பா, பேத்தி மூன்று பேர் படித்து மூன்று பல்கலைக்கழகத்தின் பட்டம் வைத்திருக்கிற வீடுகள் இங்கே இருக்கின்றன. துணைவேந்தர் போனார், பல்கலைக்கழகத்தின் பெயரே போனது, அரசாங்கமே மாறியது. அதற்காகத் தாத்தாவின் பி.ஏ. போய்விட்டதா என்ன?

சரி, நியமனமே தவறு என்று கோர்ட் சொல்லிவிட்டால்? அதற்கும் பதில் இருக்கிறது. பதவியில் இருந்தவரின் நியமனம் பிற்பாடு ரத்தானாலும், பதவியின் பெயரால் அவர் பொதுமக்களுக்குச் செய்த காரியங்கள் செல்லும் என்பது பழைய சட்டக் கொள்கை. கோகராஜு ரங்கராஜு எதிர் ஆந்திரப் பிரதேச அரசு வழக்கில் 1981 இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. அங்கே ரத்தானது செஷன்ஸ் நீதிபதிகளின் நியமனம். ஆனாலும் அவர்கள் கொடுத்திருந்த தீர்ப்புகள் நின்றன. ஒருவரை ஜெயிலுக்கு அனுப்பும் தீர்ப்பே நிற்கும் என்றால், ஆய்வேட்டை மூன்று பேர் மதிப்பிட்டு, வாய்மொழித் தேர்வு நடத்திக் கொடுக்கிற பட்டத்துக்கு என்ன பயம்? பக்கத்திலேயே இன்னொரு உதாரணம் இருக்கிறது. 2022 அக்டோபரில் திருவனந்தபுரம் அப்துல் கலாம் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத் துணைவேந்தரின் நியமனத்தை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அங்கே படித்த பிள்ளைகளின் பொறியியல் பட்டங்கள் அதனால் ரத்தாகவில்லை.

உங்கள் பட்டத்தில் கவனிக்க வேண்டிய இடம் வேறு. தற்காலிகச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் முனைவர் பட்ட விதிமுறைகளின்படி இந்தப் பட்டம் வழங்கப்படுகிறது என்ற வாசகம் அதில் இருக்க வேண்டும். 2022 விதிமுறைகள் அப்படிச் சான்றிதழ் கொடுக்கச் சொல்கின்றன. ஆய்வேட்டின் மின்பிரதி, இந்திய ஆய்வேடுகளைச் சேர்த்துவைக்கும் ஷோத்கங்கா இணையதளத்துக்குப் போயிருக்கிறதா என்றும் பாருங்கள். பட்டம் அறிவிக்கும் முன்பே பல்கலைக்கழகம் அதை ஒப்படைத்திருக்க வேண்டும். நாளை இணைத்தகுதி கேட்டுப் போகும்போது எதிரே உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் இந்த இரண்டைத்தான் தேடுவார். யார் கையெழுத்து என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கமாட்டார்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒரு வரி

நான்கு பக்கத்தையும் இரண்டு முறை படித்தேன். பட்டமளிப்பு விழாவுக்கு விண்ணப்பித்து, கட்டணம் கட்டியதாக எங்கேயும் நீங்கள் சொல்லவில்லை. பட்டச் சான்றிதழ் பொதுவாகத் தானாக வராது. நேரில் வாங்கவோ, வராமலே தபாலில் பெறவோ, தனியாக விண்ணப்பித்துப் பணம் கட்ட வேண்டும். அதற்கான அறிவிப்பு பல்கலைக்கழக இணையதளத்தின் ஏதோ ஒரு மூலையில் வந்து, கடைசித் தேதியும் கழிந்து, சத்தமில்லாமல் போயிருக்கும். பகுதிநேர ஆய்வாளர்களுக்கு இதைச் சொல்ல ஆள் கிடையாது. நெறியாளரும் வாய்மொழித் தேர்வோடு கைகழுவிவிடுவார். நீங்கள் விண்ணப்பித்திருந்தால் கட்டண ரசீதைத் தேடி எடுங்கள். இல்லை என்றால், மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அதைச் செய்யுங்கள். விண்ணப்பமே போடாமல் நாம் எழுதும் எந்தக் கடிதத்துக்கும் 'விண்ணப்பிக்கவில்லை' என்ற ஒற்றை வரிப் பதில் வந்துவிடும், வழக்கும் அதோடு முடிந்துவிடும்.

தட்ட வேண்டாத கதவுகள்

துணைவேந்தர் நியமனத்துக்காகப் பொதுநல வழக்கு வேண்டாம். இந்தச் சண்டை எங்கே நிற்கிறது என்று பாருங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தையே எடுத்துக்கொள்வோம். 1857 இல் தோன்றியது. இன்றும் 1923 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. அந்தச் சட்டப்படி, துணைவேந்தர் பதவிக்குப் பெயர்களைப் பரிந்துரைக்கும் தேடல் குழுவில் ஆட்சிப்பேரவை (செனட்), ஆட்சிக்குழு (சிண்டிகேட்), வேந்தர் ஆகியோரின் பிரதிநிதிகள் மூவர். அந்தக் குழு தரும் பெயர்களிலிருந்து வேந்தரான ஆளுநர் ஒருவரை நியமிப்பார். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகளோ, குழுவில் தன் பிரதிநிதி ஒருவர் வேண்டும் என்கின்றன. ஆளுநர் அப்படி ஒருவரைச் சேர்த்தார், அரசு அவரை விட்டுவிட்டு அரசாணை போட்டது, 2023 ஆகஸ்டில் காலியான நாற்காலி காலியாகவே நின்றது.

இன்னொரு பக்கம், நியமன அதிகாரத்தையே மாநில அரசுக்கு மாற்றும் மசோதாக்கள். ஆளுநர் நிறுத்திவைத்திருந்த 10 மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கருத வேண்டும் என்று 2025 ஏப்ரல் 8 இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மே 21 இல் சென்னை உயர் நீதிமன்றம் துணைவேந்தர் நியமனம் தொடர்பான திருத்தங்களுக்கு இடைக்காலத் தடை கொடுத்தது. நவம்பர் 20 இல், குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொன்ன ஐந்து நீதிபதிகள் அமர்வு, அப்படிக் கருதிக்கொள்ளும் ஒப்புதலுக்கு அரசமைப்பில் இடமில்லை என்று கருத்துச் சொன்னது. ஆளுநர், அரசு, மானியக் குழு என்று மூன்று யானைகள் மோதும் இடத்தில் நீங்கள் எதற்குப் போய் நிற்க வேண்டும்? உங்களுக்குத் தேவை ஒரு சான்றிதழ். அதைத் தருவதற்கு ஒருங்கிணைப்புக் குழுவுக்கே அதிகாரம் உண்டு. துணைவேந்தரின் இடத்துக்காக அமர்த்தப்பட்டிருப்பதே அதுதான். ஆகவே துணைவேந்தர் இல்லை என்பதை ஒரு காரணமாக ஏற்றுக்கொள்ளாதீர்கள். அலுவலகத்தில் யாராவது அப்படிச் சொன்னால், அதை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தரமாட்டார்கள்.

ஆளுநருக்கு எழுதுவதில் தவறில்லை, பலனும் பெரிதாக இல்லை. மனு வேந்தர் அலுவலகத்திலிருந்து சுற்றி, நீங்கள் நேரடியாக எழுத வேண்டிய அதே பதிவாளரின் மேசைக்கு வரும். முதல்வரின் முகவரி துறைக்குக் கொடுக்கிற மனுவும் இதே வழியில்தான் போகும். நடுவில் வாரங்கள் போய்விடும்.

நுகர்வோர் நீதிமன்றம் என்ற யோசனை பலருக்கும் வருகிறது. கட்டணம் வாங்குகிறார்கள், சேவை செய்யவில்லை, ஆகவே சேவைக் குறைபாடு என்ற கணக்கு. ஆனால் தேர்வு நடத்துவதும் சான்றிதழ் கொடுப்பதும் சட்டப்படியான கடமை, விலைக்கு விற்கும் சேவை இல்லை என்று உச்ச நீதிமன்றம் பீகார் பள்ளித் தேர்வு வாரிய வழக்கில் 2009 இலும், மகரிஷி தயானந்த் பல்கலைக்கழக வழக்கில் 2010 இலும் சொல்லியிருக்கிறது. நாகர்கோவிலில் மனு எண் வாங்கிவிடலாம். முதல் எதிர்வாதமே இந்த இரண்டு தீர்ப்புகளாகத்தான் இருக்கும்.

அந்தப் பன்னிரண்டாயிரம் ஆள். 2018 திருத்தத்துக்குப் பிறகு ஊழல் தடுப்புச் சட்டத்தில் லஞ்சம் கொடுப்பதும் குற்றம், ஏழு ஆண்டு வரை சிறை. கட்டாயத்தால் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் செய்தால் மட்டும் விலக்கு. பேராசிரியர் ஆகப்போகிற நேரத்தில் ஜிபேயில் இப்படி ஒரு தடயத்தை விட்டுவைக்காதீர்கள்.

போக வேண்டிய வழி

உங்களுக்குச் சாதகமான ஒரு விதியை வீட்டில் யாரும் சொல்லவில்லை. பட்டம் வழங்குவது குறித்த பல்கலைக்கழக மானியக் குழுவின் 2008 விதிமுறைகள், மாணவர் தகுதி பெறும் நாளிலிருந்து 180 நாளுக்குள் பட்டம் வழங்கப்பட வேண்டும் என்கின்றன. உங்களுக்குப் பத்து மாதம். எழுதப்போகிற எல்லாக் கடிதத்திலும் இந்த எண் இருக்கட்டும்.

முதல் கடிதம் பதிவாளருக்கு, நகல் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு. ஒரு பக்கம் போதும். பதிவு எண், வாய்மொழித் தேர்வு நடந்த தேதி, தற்காலிகச் சான்றிதழின் எண்ணும் தேதியும், பட்டமளிப்புக் கட்டண ரசீது எண், 180 நாள் விதி, பதினைந்து நாளுக்குள் சான்றிதழ் தர வேண்டும் என்ற கோரிக்கை. 'மன உளைச்சலில் தவிக்கிறேன்' போன்ற வரிகள் வேண்டாம். அவை பிரிவு எழுத்தர் படிப்பதை நிறுத்தும் இடங்கள். ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான ஆதாரத்தை எடுத்து வையுங்கள். நாளை உயர் நீதிமன்றத்தில் வழக்கின் முதல் ஆவணம் இதுதான்.

அதோடு சேர்த்தே தகவல் உரிமை மனு ஒன்று. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 'என் சான்றிதழ் ஏன் இன்னும் வரவில்லை?' என்று கேட்பார்கள். ஏன் என்ற கேள்விக்குப் பதில் சொல்லக் கடமை இல்லை என்று மனு திரும்பிவிடும். ஆவணத்தில் இருப்பதைக் கேளுங்கள்: என் பட்டம் தொடர்பான கோப்பு எந்தெந்தத் தேதியில் எந்தெந்தப் பிரிவுக்குப் போனது, இன்றைய தேதியில் யாருடைய பொறுப்பில், எத்தனை நாளாக இருக்கிறது, கோப்பில் எழுதப்பட்ட குறிப்புகளின் நகல் வேண்டும், சான்றிதழ்களில் கையெழுத்திட யாருக்கு அதிகாரம் கொடுக்கப்பட்டிருக்கிறது, அந்தத் தீர்மானத்தின் நகல் வேண்டும். 30 நாள் அவகாசம். பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தில் முதல் மேல்முறையீடு. அனுபவத்தில் சொல்கிறேன், பதில் வருவதற்கு முன்பே சில நேரம் சான்றிதழ் வந்துவிடும். கோப்பு யாரிடம் எத்தனை நாள் இருந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதைவிட, சான்றிதழை அனுப்பிவிடுவது அவர்களுக்கு லேசு.

மூன்றாவதாக, மாணவர் குறைதீர்ப்புக் குழு. மானியக் குழுவின் 2023 விதிமுறைகளின்படி ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் இது இருக்க வேண்டும். அதற்கு மேலே ஒரு குறைதீர்ப்பாளரும் வேண்டும். குழு 15 வேலை நாளுக்குள் அறிக்கை தரவேண்டும். திருப்தி இல்லை என்றால் 15 நாளுக்குள் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், அவர் 30 நாளுக்குள் தீர்க்க முயல வேண்டும். பட்டத் தாமதத்தையும் இதன் கீழ் வைக்கலாம் என்பது என் கருத்து. காகிதத்தில் நன்றாக இருக்கும் இந்த ஏற்பாடு எல்லா இடத்திலும் உயிரோடு இருக்கிறது என்று சொல்லமாட்டேன். ஆனாலும் மனு போட்டு வையுங்கள். 'மாற்று வழி இருந்தும் நேரே கோர்ட்டுக்கு வந்துவிட்டார்' என்ற வாதத்தை அது அடைத்துவிடும்.

கோர்ட் என்று வந்தால்

இவ்வளவுக்கும் அசையவில்லை என்றால், அரசமைப்பின் 226 ஆம் பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தில் பேராணை மனு. கடமையைச் செய் என்று பல்கலைக்கழகத்துக்கு உத்தரவிடச் சொல்லிக் கேட்பது. குமரி மாவட்டக்காரர் என்பதால் மதுரைக் கிளை என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். நீங்கள் இருக்கும் இடம் மட்டும் போதாது, வழக்குக்குக் காரணமான சம்பவம் எங்கே நடந்தது என்பதும் முக்கியம். உங்கள் பல்கலைக்கழகமும் அதன் கோப்புகளும் சென்னை அமர்வின் எல்லைக்குள் இருப்பதால், அங்கே போடுவதுதான் சிக்கலில்லாதது. மதுரையில் போட்டு, எண் கொடுக்கும் கட்டத்திலேயே ஆட்சேபனை வந்தால், அதை நிவர்த்தி செய்வதில் நாள் போகும்.

ஒரு எச்சரிக்கை. இப்படிப்பட்ட மனுக்களில் 'மனுதாரரின் கோரிக்கையை இத்தனை வாரத்துக்குள் பரிசீலித்துச் சட்டப்படி முடிவெடுக்கவும்' என்ற உத்தரவு சுலபமாகக் கிடைக்கும். கேட்க இனிமையாக இருக்கும். பரிசீலித்து 'இயலாது' என்று சொல்லவும் அதில் இடமிருக்கிறது. 180 நாள் விதியைக் காட்டி, சான்றிதழையே வழங்க உத்தரவு கேளுங்கள் என்று உங்கள் வக்கீலிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

செலவைப் பற்றி இரண்டு இடத்தில் தயங்கி எழுதியிருக்கிறீர்கள். 1987 ஆம் ஆண்டுச் சட்ட உதவிச் சட்டத்தின் 12 ஆம் பிரிவின்படி, பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தால், உயர் நீதிமன்றச் சட்டப் பணிகள் குழுவுக்கு அனுப்புவார்கள்.

ஆறு வாரக் கெடு

மேலே சொன்ன எதுவும் ஆறு வாரத்தில் முடியும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. ஆகவே கல்லூரியோடு பேசுவதை இன்றே தொடங்குங்கள். இரண்டு காகிதம் வேண்டும். ஒன்று, தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடமிருந்து, 'இவர் எல்லாத் தகுதியையும் நிறைவு செய்துவிட்டார், பட்டச் சான்றிதழ் பட்டமளிப்பு விழாவுக்காக மட்டுமே காத்திருக்கிறது' என்று ஒரு கடிதம். இதற்காக நேரில் ஒருமுறை போய்வருவது நல்லது. நாகர்கோவிலில் இரவு வண்டி ஏறினால் காலையில் அங்கே. போன் பேச்சில் கிடைக்காதது மேசைக்கு முன் நின்றால் பல நேரம் கிடைக்கும். பட்டத்தின் மின்பதிப்பு டிஜிலாக்கரில் ஏறியிருக்கிறதா என்றும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது, கல்லூரி முதல்வருக்கு நீங்கள் எழுதும் கடிதம்: தற்காலிகச் சான்றிதழின் பேரில் சேர்த்துக்கொள்ளுங்கள், அசல் வந்ததும் தருகிறேன் என்று. இணைத்தகுதி விஷயத்தில், அந்தக் கல்லூரி எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருக்கிறதோ அதன் தற்போதைய விதி என்ன, தற்காலிகச் சான்றிதழை வைத்து விண்ணப்பிக்கலாமா என்று எழுத்தில் கேளுங்கள். கல்லூரி அலுவலகத்தில் வாய்மொழியாகச் சொல்வதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள், ஆனால் உங்களிடம் ஓர் உறுதிமொழிப் பத்திரம் எழுதி வாங்குவார்கள். கையெழுத்துப் போடும் முன் முழுதாகப் படியுங்கள். அசல் வந்ததும் ஒப்படைப்பேன் என்பது வரை சரி. 'குறித்த தேதிக்குள் தராவிட்டால் வாங்கிய சம்பளத்தைத் திருப்பித் தருகிறேன்' என்று ஒரு வரி இருந்தால், அதை அடித்துவிட்டு, 'பல்கலைக்கழகம் வழங்கிய முப்பது நாளுக்குள்' என்று மாற்றச் சொல்லுங்கள். பல்கலைக்கழகத்தின் தாமதத்துக்கு உங்கள் சம்பளத்தை ஈடு வைக்க வேண்டியதில்லை. மாற்ற மறுத்தால், கையெழுத்துப் போடாமல் அந்த வாசகத்தின் நகலை எனக்கு அனுப்புங்கள்.